3ஜி போனால் சாதனமும் குப்பைக்குப் போக வேண்டுமா?

சிங்கப்பூரில் 2ஜி கைப்பேசிச் சேவை 2017ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2024இல் 3ஜி சேவையும் விடைபெற்றது. நம்மில் பலருக்கு அது ஒரு சிறிய செய்தி மட்டுமே. அதற்குள் புதிய கைப்பேசிக்கு மாறியிருந்தோம். ஆனால், கைப்பேசிக் கட்டமைப்பை நம்பி இயங்குபவை கைப்பேசிகள் மட்டுமல்ல. கடையில் அட்டை தேய்க்கும் கட்டணக் கருவி, லாரி எங்கே போகிறது என்று சொல்லும் கருவி, திருட்டு எச்சரிக்கைக் கருவி, தண்ணீர் மட்டத்தை அளக்கும் கருவி எனப் பலவற்றின் உள்ளே ஒரு சிறிய மோடம் இருக்கிறது. அது பேசும் கட்டமைப்பு நின்றுவிட்டால் கருவி ஊமையாகிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊமையான கருவியில் மற்ற எல்லாம் நன்றாகவே இருக்கும். திரை எரியும், உணரி அளக்கும், பெட்டியில் துருவும் இருக்காது. கெட்டது மோடம் மட்டும்தான். அதுவும் கெடவில்லை, காலாவதியாகிவிட்டது. அந்த ஒரு பாகத்தை மட்டும் கழற்றி 4ஜி மோடம் பொருத்த முடியுமா, அல்லது முழுக் கருவியையும் தூக்கிப் போட வேண்டுமா? இதற்கான விடை 2017இலோ 2024இலோ எழுதப்படவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு, அந்தக் கருவியின் மின்சுற்றுப் பலகையை வரைந்த பொறியாளர் மோடத்தை எப்படி இணைத்தார் என்பதிலேயே அது எழுதப்பட்டுவிட்டது.

பொறியியல் படிக்க நினைக்கும் மாணவர்களும் இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களும் இந்த ‘எப்படி இணைப்பது’ என்ற கேள்வியை இன்னும் கொஞ்சம் மதிக்க வேண்டும் என்பது என் கருத்து. செயற்கை நுண்ணறிவும் செயலி வடிவமைப்பும் பெறும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது பெறுவதில்லை. அதைக் கற்றுக்கொள்ளச் சிறந்த பாடம், ஒரு கைப்பேசி மோடத்தை யுஎஸ்பி வழியாக ஒரு பலகையில் சேர்ப்பது.

இது சிங்கப்பூருக்கு மட்டுமான கவலை அன்று. அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி நிறுவனம் 3ஜி சேவையை நிறுத்தியபோது, வீட்டு எச்சரிக்கைச் சாதனத் துறையினர் அதைத் தள்ளிவைக்கும்படி அரசாங்க ஆணையத்திடம் முறையிட்டார்கள். வீடு வீடாகச் சென்று கருவிகளை மாற்றி முடிக்க அவர்களுக்கு நேரம் போதவில்லை. சிங்கப்பூரோ ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவை உருவாக்குகிறது. 2021 ஜூலை முதல் குறிப்பிட்ட சில மின்சாதனங்களை விற்பவர்களும் தயாரிப்பவர்களும் அவற்றின் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று இங்கு சட்டம் சொல்கிறது. கடைத்தொகுதிகளில் மின்கழிவுத் தொட்டிகளைப் பார்க்கிறோம். அந்தத் தொட்டி கடைசிப் படி. முதல் படி வடிவமைப்பு மேசையில் இருக்கிறது.

ஒரு பூக்கடைக் கணக்கு

பேச்சு புரிய ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். லிட்டில் இந்தியாவில், பஃப்ளோ சாலைப் பக்கம் ஒரு பூக்கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகையும் கட்டிய மாலைகளும் குளிர்பெட்டியில் இருக்கின்றன. இரவில் மின்சாரம் தடைபட்டுப் பெட்டி சூடானால் காலையில் எல்லாம் வாடியிருக்கும். வெப்பநிலை ஏறியதும் உரிமையாளரின் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் கருவி ஒன்றைச் செய்து தர ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் குழு முன்வருகிறது.

வைஃபை போதாதா என்று கேட்கலாம். மின்சாரம் போனால் வைஃபை ரவுட்டரும் அணைந்துவிடும். எந்த நேரத்தில் தகவல் வேண்டுமோ அந்த நேரத்தில்தான் அது இருக்காது. எனவே, சொந்த மின்கலமும் கைப்பேசி மோடமும் வேண்டும்.

மோடத்தைச் சேர்க்க அக்குழுவுக்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, கடையில் கிடைக்கும் யுஎஸ்பி டாங்கிளை வாங்கி ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் செருகிவிடுவது. செயல்திட்டக் கண்காட்சிக்கு அது போதும். இரண்டாவது, தபால்தலை அளவுள்ள மோடம் மாட்யூல் ஒன்றைப் பலகையில் நேரடியாகப் பற்றவைத்து, இரண்டு சீரியல் கம்பிகளால் மட்டும் பேச வைப்பது. மலிவு, சிறியது. ஆனால், நாளை கட்டமைப்பு மாறினால் பலகையே வீண். மூன்றாவது, பலகையில் ஒரு செருகுவாய் வைத்து, அதில் மோடம் அட்டையைப் பொருத்துவது. மினி பிசிஐஇ, எம்.2 என்ற பெயர்களில் இத்தகைய செருகுவாய்கள் கிடைக்கின்றன. அவற்றின் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே யுஎஸ்பி கம்பிகளும் ஓடுகின்றன. 4ஜி அட்டைகளில் பெரும்பாலானவை அந்த யுஎஸ்பி கம்பிகளில்தான் பேசுகின்றன. எனவே, 3ஜி அட்டையைக் கழற்றி 4ஜி அட்டையைச் செருகலாம். மென்பொருளில் சில வரிகளைத் திருத்தினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது வழிதான் சாதனத்துக்கு ஆயுள் தருகிறது. அதுதான் மூன்றிலும் கடினமானது. ஏன் கடினம் என்பதில்தான் கற்க வேண்டியது எல்லாம் இருக்கிறது. அதற்கு முன், யுஎஸ்பி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

தொலைபேசிக்காகப் பிறந்த செருகி

யுஎஸ்பியின் முதல் தர விதிகள் 1996 ஜனவரியில் வெளியாயின. காம்பேக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது அது. இந்தப் பட்டியலில் நார்டெல் ஒரு தொலைபேசிச் சாதன நிறுவனம். அது தற்செயல் அன்று. யுஎஸ்பி எதற்காக என்று விதிநூல் கூறிய காரணங்களில் முதலாவது, கணினியையும் தொலைபேசியையும் இணைப்பது. சுட்டிக்கும் அச்சுப்பொறிக்கும் பிறந்ததாக நாம் நினைக்கும் செருகியின் தொடக்கக் கனவில் தொலைபேசி இருந்தது. இன்டெலில் அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அஜய் பட். இந்தியாவில் பிறந்து, வடோதராவில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்றவர்.

சிங்கப்பூருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடந்த சீபிட் கண்காட்சியில், டிரெக் 2000 என்ற சிங்கப்பூர் நிறுவனம் ‘தம்டிரைவ்’ என்ற பெயரில் விரலளவு சேமிப்புக் கருவியைக் காட்டியது. யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்பதில் இஸ்ரேலிய, சீன நிறுவனங்களும் உரிமை கோருகின்றன. அந்த வழக்காடலை விட்டுவிடுவோம். நினைவகச் சில்லு அதற்கு முன்பே இருந்தது, யுஎஸ்பியும் இருந்தது. இரண்டையும் சரியாகச் சேர்த்ததுதான் புதுமை. இணைப்பே ஒரு பொருளாக மாறியது.

மோடத்தில் எந்த வாசலை வைப்பது என்ற கேள்வியைத் தமிழ்நாடும் சந்தித்திருக்கிறது. 1990களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான குழுவும் மைடாஸ் நிறுவனமும் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கின. அதன் வீட்டுக் கருவியில் தொலைபேசிக்கு ஒரு துளையும் கணினிக்கு ஒரு சீரியல் துளையும் இருந்தன. இணைய வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். அந்த வேகத்துக்குச் சீரியல் துளை தாராளமாகப் போதும். மதுரைக்கு அருகிலுள்ள மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய நிலையங்கள் அதை வைத்தே இயங்கின. இன்றைய சாதாரண 4ஜி மோடம் ஒன்று நொடிக்கு 150 மெகாபிட் வரை இறக்கும். வழக்கமான சீரியல் கம்பியின் வேகமோ நொடிக்கு 115 கிலோபிட் அளவில் இருக்கும். அந்தக் குழாயில் இந்த வெள்ளம் போகாது. யுஎஸ்பி 2.0இன் வேகம் 480 மெகாபிட். அதனால்தான் வேக மோடங்கள் எல்லாம் யுஎஸ்பி வாசலோடு வருகின்றன.

நான்கு கம்பிதானே?

யுஎஸ்பி 2.0இல் இருப்பவை நான்கு கம்பிகள். ஐந்து வோல்ட் மின்சாரம் ஒன்று, தரைக் கம்பி ஒன்று, தகவலுக்கு டி பிளஸ், டி மைனஸ் என இரண்டு. நான்கு கம்பிகளை வரைபடத்தில் சேர்க்க இரண்டு நிமிடம் போதும். வரைந்த பலகை வேலை செய்ய வேண்டுமானால் நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்.

முதலாவது மின்சாரம். கணினியின் யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர் தரும். அதுவும் கருவி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட பிறகுதான். அதுவரை 100 மில்லிஆம்பியர் மட்டுமே எடுக்கலாம். ஆனால், 2ஜி கட்டமைப்பில் பேசும் மோடம் ஒவ்வொரு முறை அலை அனுப்பும்போதும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நொடிக்கு 217 முறை, ஒவ்வொன்றும் அரை மில்லிநொடிக்குச் சற்றுக் கூடுதலாக. முன்பெல்லாம் வானொலிக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன் ‘டிட் டிட் டிட்’ என்று ஓசை கேட்கும். வீட்டில் பெற்றோரைக் கேளுங்கள், நினைவிருக்கும். அந்த ஓசை இந்த மின்னோட்டத் துடிப்புதான்.

சிங்கப்பூரில் 2ஜி இல்லையே, நமக்கு ஏன் அந்தக் கவலை? இங்கே சோதித்து வெற்றி பெற்ற கருவியைச் சென்னைக்கு எடுத்துச் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2ஜி இன்னும் ஓடுகிறது. 4ஜி சமிக்ஞை குறைந்த இடத்தில் மோடம் தானாக 2ஜிக்கு இறங்கும். உடனே 2 ஆம்பியர் துடிப்பு வரும், மின்னழுத்தம் சரியும், கருவி அணைந்து அணைந்து எரியும். இங்கே ஒரு முறைகூடக் காணாத கோளாறு அங்கே முதல் நாளே வரும்.

பெரிய மின்தேக்கி ஒன்றை வைத்து, தேவையான நேரத்தில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சரியான எண்ணம். ஆனால், யுஎஸ்பி விதி குறுக்கே வருகிறது. செருகியவுடன் கணினியின் மின்சாரத்தை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடாதிருக்க, செருகி வாயிலில் 10 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் மின்தேக்கி இருக்கக் கூடாது. மோடம் ‘பெரிய தொட்டி கொடு’ என்கிறது. யுஎஸ்பி ‘வாசலில் சிறிய குடம்தான் வைக்கலாம்’ என்கிறது. இரண்டும் நியாயமான கோரிக்கைகள். நடுவே மெதுவாக நிரப்பும் ஒரு மின்சாரச் சுற்றை வைத்து, அதற்குப் பின்னால் பெரிய தொட்டியைக் கட்டுவதே தீர்வு. இப்படி இரு தரப்பின் நியாயத்தையும் கேட்டு இடையில் ஒரு வழி காண்பதுதான் இணைப்புப் பொறியியல்.

இரண்டாவது, தகவல் கம்பிகள். நொடிக்கு 48 கோடி பிட் ஓடும்போது செப்புக் கோடு வெறும் கம்பி அன்று. டி பிளஸ், டி மைனஸ் இரண்டும் ஒரே நீளத்தில், ஒரே இடைவெளியில், அருகருகே ஓட வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட மின்மறிப்பு 90 ஓம் அளவில் இருக்க வேண்டும். கீழே உள்ள தரைப் படலம் நடுவில் வெட்டுப்படக் கூடாது. கையால் தொடும்போது பாயும் நிலைமின்சாரத்திலிருந்து காக்க ஒரு பாதுகாப்புச் சில்லு வேண்டும். அதுவும் மிகக் குறைந்த மின்தேக்கம் உள்ளதாக இருக்க வேண்டும். கையில் கிடைத்த ஏதோ ஒன்றை வைத்தால் சமிக்ஞையின் கூர்மை மழுங்கிவிடும். அப்போது இணைப்பு 480 மெகாபிட்டிலிருந்து 12 மெகாபிட்டுக்கு இறங்கலாம், அல்லது விட்டுவிட்டு வேலை செய்யலாம். விட்டுவிட்டு வேலை செய்வது அறவே செய்யாததைவிட மோசம். காரணத்தைத் தேடியே ஒரு பருவம் போய்விடும்.

மூன்றாவது இரைச்சல். மோடத்துக்கு வந்து சேரும் வானலை மிக மிக மெலிந்தது. ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கு வந்தால்கூட அதைக் கேட்டுப் புரிந்துகொள்கிறது. அதற்குச் சில சென்டிமீட்டர் தள்ளி யுஎஸ்பி உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறது. 480இன் இரு மடங்கு 960. கைப்பேசிகளின் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கோபுரத்திலிருந்து நமக்கு வரும் பகுதி 925 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை. ஆன்டெனாவை யுஎஸ்பி செருகிக்குப் பக்கத்தில் வைத்தால் என்னவாகும் என்று ஊகிக்கலாம். யுஎஸ்பி 3.0 வந்தபோது, அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லாக் கருவிகளைத் தொந்தரவு செய்கிறது என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தேக்கா சந்தையில் ஒருவர் உரக்கக் கூவி விற்கும்போது பக்கத்தில் நிற்பவர் முணுமுணுப்பது கேட்குமா? ஒருவரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்வதுதான் வழி.

நான்காவது அறிமுகம். யுஎஸ்பியில் செருகப்படும் ஒவ்வொரு கருவியும் ‘நீ யார்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டையும் சொல்ல வேண்டும். மோடம் ஒரே கருவி என்றாலும் பல வேடங்களைச் சொல்லும்: கட்டளை கேட்கும் வாசல், கோளாறு பார்க்கும் வாசல், இருப்பிடம் சொல்லும் வாசல், இணைய அட்டை. 2006இல் வந்த ஹுவாவெய் இ220 டாங்கிள் இதில் ஒரு படி மேலே போனது. செருகியதும் தன்னை ஒரு குறுவட்டு என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். விண்டோஸ் கணினி அந்த ‘வட்டிலிருந்து’ மென்பொருளை நிறுவியதும் வேடத்தைக் கலைத்து மோடமாக மாறும். வாடிக்கையாளருக்கு வசதி. லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கோ அது குறுவட்டாகவே நின்றது. அதை மோடமாக மாற்றுவதற்கென்றே தனியாக ஒரு மென்பொருளை ஆர்வலர்கள் எழுத வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் பிறகு, கட்டளை வாசலைத் திறந்து பேசினால் அங்கே ஒரு பழைய நண்பர் இருப்பார். 1981இல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் அறிமுகப்படுத்திய ‘ஏடி’ கட்டளைகளே இன்றைய 5ஜி மோடங்களிலும் இருக்கின்றன. ‘ஏடி’ என்று தட்டினால் ‘ஓகே’ என்று பதில் வரும். நாற்பது ஆண்டுகளில் வேகமும் அலைவரிசையும் அளவும் மாறிவிட்டன. பேசும் முறை நிலைத்துவிட்டது. நல்ல இணைப்பு, அதன் இரு பக்கமும் உள்ள பொருள்களைவிட நீண்ட காலம் வாழும்.

ஒரு மின்தடை செய்த வேலை

‘இதெல்லாம் நுணுக்கம், பெரிய நிறுவனங்களில் பார்த்துக்கொள்வார்கள்’ என்று நினைப்பவர்களுக்கு ஓர் உண்மை நிகழ்வு. 2019 ஜூனில் ராஸ்பெரி பை 4 வெளிவந்தது. புதிய யுஎஸ்பி டைப் சி செருகியில் அது மின்சாரம் பெற்றது. டைப் சியில் ‘எனக்கு மின்சாரம் வேண்டும்’ என்று சொல்ல, இரண்டு முனைகளில் தலா ஒரு 5.1 கிலோஓம் மின்தடை வைக்க வேண்டும். அந்தப் பலகையில் இரு முனைகளும் ஒரே மின்தடையைப் பகிர்ந்துகொண்டன. சாதாரண கம்பிவடத்தில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. உள்ளே சில்லு வைத்த விலை கூடிய கம்பிவடத்தைச் செருகினால், மின்னூட்டி அதை ஒலிச் சாதனம் என்று தவறாகப் புரிந்துகொண்டு மின்சாரமே தரவில்லை. வெளியிலிருந்த ஒரு பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார். நிறுவனம் ஒப்புக்கொண்டது, அடுத்த பதிப்பில் திருத்தியது.

அனுபவமிக்க குழு, உலகமெங்கும் விற்கும் பொருள், காசு பெறாத ஒரு மின்தடை. அவர்கள் சோதிக்காமல் இல்லை. எல்லா வகைக் கம்பிவடத்திலும் சோதிக்கவில்லை. நம் மேசையில் வேலை செய்வதும் அடுத்தவர் மேசையில் வேலை செய்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் யுஎஸ்பியா?

மறுதரப்பையும் பார்க்க வேண்டும். செருகுவாய் வைத்தால் பலகை பெரிதாகும், செலவு கூடும், அதிர்வில் கழன்றுகொள்ளும் அபாயமும் உண்டு. யுஎஸ்பியை விழித்திருக்க வைக்க மின்சாரம் வேண்டும். நாளைக்கு ஒருமுறை சில எழுத்துகளை மட்டும் அனுப்பி, ஆண்டுக்கணக்கில் மின்கலத்தில் வாழ வேண்டிய உணரிக்குச் சீரியல் கம்பியே சிறந்தது. சில சாதனங்களுக்கு மோடமே தேவையில்லை. 2020இல் சிங்கப்பூரில் வழங்கப்பட்ட டிரேஸ்டுகெதர் கருவியை நினைத்துப் பாருங்கள். அதில் கைப்பேசி மோடமும் இல்லை, இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ்ஸும் இல்லை, புளூடூத் மட்டுமே இருந்தது. மின்கலம் பல மாதங்கள் நீடித்ததற்கும் அது ஒரு காரணம். எதைச் சேர்க்காமல் விடுவது என்பதும் வடிவமைப்புதான்.

எனவே, ‘எப்போதும் யுஎஸ்பி போடுங்கள்’ என்பது என் வாதம் அன்று. மோடத்தைப் பற்றவைத்தே ஆக வேண்டிய சாதனத்திலும் ஒரு வழியைத் திறந்து வைக்க முடியும் என்பதே. சீரியல் கம்பியில் மட்டும் பேசும் பலகையிலும், மோடத்தின் யுஎஸ்பி முனைகளைச் சில செப்புப் புள்ளிகளாக வெளியே கொண்டுவந்து வைக்கலாம். மோடம் தயாரிப்பாளர்களின் வடிவமைப்புக் கையேடுகளே அதைப் பரிந்துரைக்கின்றன. மோடத்தின் உள்மென்பொருளைப் புதுப்பிக்கவும் கோளாறு பார்க்கவும் அந்தப் புள்ளிகள் உதவும். செலவு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அவை இல்லாத பலகையில் ஒரு மென்பொருள் பிழை வந்தால், மோடத்தைச் சூடாக்கிப் பெயர்த்தெடுப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம்.

மாணவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

நீங்கள் தொடங்கவேண்டிய இடம் வெகுதூரத்தில் இல்லை. தொடக்கப்பள்ளியில் மைக்ரோபிட் பலகையைக் கையாண்ட தலைமுறை நீங்கள். அதைக் கணினியில் செருகியதும் ஒரு சேமிப்புக் கருவிபோலத் திரையில் தோன்றும். நிரலை அதில் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அந்த எளிமைக்காகவே அந்தப் பலகையில் தனியாக ஒரு சில்லு உழைக்கிறது என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டில் பழைய மைக்ரோபிட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். யுஎஸ்பி துளைக்கு அருகில் இருக்கும் சில்லு எது, முதன்மைச் சில்லு எது என்று அடையாளம் காணுங்கள்.

உயர்நிலைப்பள்ளி மாணவர்கள், கைவசம் உள்ள ஒரு யுஎஸ்பி கருவியைக் கணினியில் செருகி, அதன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்கலாம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அது இருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு மோடம் மாட்யூலின் வடிவமைப்புக் கையேட்டைப் பதிவிறக்கம் செய்து, மின்சாரம், யுஎஸ்பி, ஆன்டெனா ஆகிய மூன்று அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். பாடநூலில் படித்த ஓம் விதியும் மின்தேக்கியும் அங்கே உண்மையான கட்டளைகளாக உங்களுக்கு முன்னால் நிற்கும். உதிரிப்பாகங்களை நேரில் பார்க்க வேண்டுமா? லிட்டில் இந்தியாவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் சிம் லிம் டவர் வந்துவிடும். மின்தடை முதல் ஆன்டெனா வரை விற்கும் கடைகள் அங்கே இருக்கின்றன. எது வேண்டும் என்று தெளிவாகக் கேட்கத் தெரிந்தால் போதும். அப்படிக் கேட்கத் தெரிவதே பாதிப் படிப்பு.

செயல்திட்டங்களுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். கண்காட்சி நாளில் வேலை செய்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். இன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மின்சாரம் போய்த் திரும்பினால் மோடம் தானாக இணையுமா? வேறு கம்பிவடம், வேறு மின்னூட்டி, வேறு நாட்டுச் சிம் அட்டை போட்டுப் பார்த்தீர்களா? 4ஜி சேவை நின்றுபோகும் நாளில் இந்தக் கருவியில் எதைக் கழற்ற வேண்டும், எது மிஞ்சும்? மூன்றாவது கேள்விக்கு ஒரு குழு தயங்காமல் விரலைக் காட்டிப் பதில் சொன்னால், அந்தக் குழுவுக்கு இணைப்பு புரிந்துவிட்டது என்று பொருள்.

2ஜி போனது, 3ஜி போனது. 4ஜியும் ஒருநாள் போகும். அந்த நாளில் பணியில் இருக்கும் பொறியாளர்கள் இன்று பள்ளி மேசையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான். நம் பூக்கடைக்காரர் அப்போது குளிர்பெட்டிக் கருவியை எடுத்துக்கொண்டு வந்து, “இது இனி ஓடாதாமே, தூக்கிப் போட்டுவிடலாமா?” என்று கேட்பார். “வேண்டாம் அண்ணே, அட்டையை மட்டும் மாற்றிவிடலாம்” என்று சொல்லக்கூடிய நிலையில் நீங்கள் இருக்க வேண்டும்.